தோட்டத்துப் பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியதும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஹானர்ஸ் பட்டத்தின் இறுதியாண்டில் ஒரு நெறியாளரின் மேற்பார்வையில் தாமாகவே ஓர் ஆய்வைச் செய்து முடிக்க வேண்டும் என்று துறை சொல்லியிருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வருவார்கள். சிலருடன் பெற்றோரும் வருவார்கள். நானும் இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவள்தான்; இருபது ஆண்டுகளாக இறுதியாண்டு ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தி வருகிறேன். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வழக்கமான பாட ஒப்படைப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒப்படைப்பில் கேள்வி விரிவுரையாளருடையது. ஆய்வில் கேள்வி உங்களுடையது. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. நம் நாட்டுப் பட்டச் சான்றிதழில் 'கெபுஜியான்' (ஹானர்ஸ்) என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சிறப்புக்கு உரியவர் என்று காட்டுவதில் இந்த ஆய்வேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மலாயில் சில துறைகள் இந்த ஆய்வை 'லத்திஹான் இல்மியா' என்கின்றன, சில 'ப்ரோஜெக் தாஹுன் அக்கிர்' என்கின்றன.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். மலேசியக் கல்வித் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. உங்கள் ஆய்வுக்கு ஆறு கிரெடிட் என்றால் 240 மணி நேரம். கடைசி மூன்று வாரத்தில் அதைச் செய்ய முடியாது. இரண்டு பருவத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரம்போல வரும். அந்த எட்டு மணியை வாரத்தின் எந்த நாளில் வைக்கப் போகிறீர்கள் என்று முதல் வாரமே முடிவு செய்யுங்கள்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். பலரும் 'மலேசியத் தோட்டங்களில் தமிழர் வாழ்வியல்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது ஆய்வுத் தலைப்பு அன்று, ஒரு நூலகம். ஓர் இடம், ஒரு காலம், ஒரு வேலை, ஒரு மாற்றம் ஆகிய நான்கில் மூன்றையாவது இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை ஒரு மாணவி நான்கு தலைப்புகளோடு வந்தாள். நான்கும் பெரிய பெரிய சொற்கள். பேச்சுவாக்கில், தன் பாட்டி இளவயதில் செம்பனைப் பூவுக்குப் பொடி தூவும் வேலை பார்த்தவர் என்றாள். "அப்புறம் அந்த வேலையே இல்லாமல் போய்விட்டதாம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் அவளை அங்கேயே நிறுத்தினேன்.

பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார்கள். மரம் வந்தது, அதன் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகும் வண்டு வரவில்லை. அதனால் மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற தூளில் கலந்து, தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்ப் பூக்குலையில் ஊதினார்கள். 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மனிதக் கை செய்த வேலையை அந்த வண்டு எடுத்துக்கொண்டது. விளைச்சல் கூடியதைப் பற்றி வேளாண் அறிவியலார் நிறைய எழுதியிருக்கிறார்கள். பொடி தூவிய கைகள் அடுத்த மாதம் எந்த வேலைக்குப் போயின, கூலி ஏறியதா இறங்கியதா, அந்தப் பெண்கள் வண்டைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள்? இதைக் கேட்க உரியவள் அந்தப் பேத்தி. ஒரு தோட்டம், ஒரு வேலை, ஓர் ஆண்டு. தலைப்பு அவள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது.

அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள். உங்கள் அண்ணன் அங்கே வேலை செய்கிறார் என்றால், எந்தக் கூண்டில் கூகை தங்குகிறது, எதில் தங்கவில்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த அறிவிலிருந்து தொடங்குங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள், அளந்து பாருங்கள்.

எங்கள் தோட்டமே இப்போது இல்லை. ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

தோட்டம் எப்படி இல்லாமல் போனது என்பதே இருக்கிறது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். நம் பெரியவர்கள் அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்று இன்றும் சொல்வார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் பல. அதற்கு மாற்றாகத் தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். அவர் பிறந்தது இந்தச் சுங்கை சிப்புட்டில்தான். தாத்தாவின் தகரப்பெட்டியில் அந்தச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அவசரகாலத்தைப் பற்றிய நூல்களில் நம் ஊர்ப் பெயர் முதல் பக்கங்களிலேயே வந்துவிடும். அந்த வாரம் லயத்தில் இருந்தவர்கள் பெரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் நடக்கும் பெயர் அழைப்புக்கு) போனார்களா, பிள்ளைகளை வெளியே விட்டார்களா என்பது நான் படித்த நூல்களில் இல்லை. அன்று பத்து வயதாக இருந்தவர் இப்போது எண்பத்தைந்தைக் கடந்திருப்பார். அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

நெறியாளரை எப்படித் தேடுவது? தமிழர்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. துண்டாடலைப் பற்றி எழுத ஒரு மலாய்ப் புவியியல் விரிவுரையாளர் மிக நல்ல நெறியாளராக இருப்பார். நிலப்படத்தைப் படிக்க அவரைப்போல் எனக்குத் தெரியாது. அவர் இதற்கு முன் யாருக்கு நெறியாளராக இருந்தார் என்று விசாரித்து, அந்த மூத்த மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கொடுத்ததைப் படித்துத் திருப்பித் தருவாரா? புகழைவிட இது முக்கியம்.

முதல் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நான் இன்னார், என் கேள்வி இது, இதுவரை இவ்வளவு படித்திருக்கிறேன், அரை மணி நேரம் சந்திக்க முடியுமா? அவ்வளவுதான். 'ஏதாவது தலைப்புக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். கொடுத்தால் அது அவருடைய ஆய்வு. நீங்கள் அதில் கூலிக்கு நிற்பீர்கள்.

பழைய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து அரசுக் கோப்புகள் இருக்கின்றன. போவதற்கு முன் இணையத்தில் கோப்பு எண்ணைத் தேடி எழுதிக்கொண்டு போங்கள். இங்கிருந்து இடிஎஸ் ரயிலில் போய்வரலாம்; ஆனால் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய கட்டுகளைச் சில வீடுகளில் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மலாயாவில் இருந்த இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் கூலி, பள்ளி, இறப்பு பற்றிய கணக்குகள் இருக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த ஆவணங்கள் ஊருக்குள்ளேயே கிடக்கின்றன. கோயில் திருவிழா வரவுசெலவு நோட்டு, தோட்டத்துச் சுடுகாட்டுக் கல்லறைகளில் வெட்டிய பெயர்கள், ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டில் தப்பிக் கிடக்கும் செக்ரோல் புத்தகம் (வேலை, கூலிப் பதிவேடு), தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அந்தப் பதிவேட்டில் 'தகப்பன் தொழில்', 'விலகிய காரணம்' என்ற இரண்டு பத்திகள் இருந்தால் அதை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம். உண்மையாகவே சொல்கிறேன்.

பெரியவர்களிடம் எப்படிப் பேட்டி எடுப்பது?

முதல் முறை ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப் போகாதீர்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் வெற்றிலை வாங்கிக்கொண்டு, மாலைத் தேநீர் நேரத்துக்குப் பிறகு போய், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி உட்காருங்கள். தாத்தா, பாட்டி என்று வாய் நிறைய அழையுங்கள். அவர்களை உங்கள் தாளில் 'தகவலாளர் 3' என்று எழுத வேண்டியிருக்கும்; எதிரில் உட்காரும்போது அந்த எண் மனத்தில் இருக்கக் கூடாது.

ஆண்டைக் கேட்காதீர்கள். 'எந்த வருடம்?' என்றால் பெரும்பாலும் 'அதெல்லாம் யாருக்கம்மா தெரியும்' என்ற பதில்தான் வரும். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா, சுதந்திரத்துக்கு முன்பா பின்பா, மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா என்று கேட்டால் காலம் தானாக வந்து சேரும். பொருளைக் காட்டிக் கேட்பது இன்னும் நல்லது. ரப்பர் பால் வெட்டும் கத்தி ஒன்றைக் கையில் கொடுங்கள். வாயால் சொல்ல மறந்ததை அந்தக் கை செய்து காட்டும்: எந்தச் சாய்வில் பட்டையைச் சீவுவது, பால் பிடிக்கும் மங்கை எங்கே கட்டுவது, மழை பெய்த நாளில் உறைந்த ஒட்டுப்பாலை எப்படிச் சேர்ப்பது என்று. என் மாணவர் ஒருவர் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுக் கிடைக்காததை இப்படிப் பத்து நிமிடத்தில் பெற்று வந்தார்.

அவர்கள் சொல்லை மாற்றாதீர்கள். பெரட்டு, கிராணி, மண்டோர் (மேற்பார்வையாளர்), ஆயாக்கொட்டகை என்று அவர்கள் சொன்னால் அப்படியே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் விளக்கம் கொடுங்கள். 'ஆயாக்கொட்டகை'யை வெறும் 'குழந்தைகள் காப்பகம்' ஆக்கிவிட்டால், விடியற்காலை இருட்டில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய தாய் அந்தச் சொல்லிலிருந்து காணாமல் போய்விடுவாள்.

1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்பா திரும்பி வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் பேசாமல் இருந்தால், நீங்களும் பேசாமல் இருங்கள். அழுதால் கருவியை நிறுத்துங்கள். அன்றைக்குப் பேட்டி முடிந்தது. அடுத்த வாரம் ஒலிப்பதிவு இல்லாமல் சும்மா ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாதி, கள்ளுக்கடை, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பனவும் பேச்சில் வரும். அவற்றில் உங்கள் கேள்விக்கு வேண்டியதை மட்டும், பெயரை மாற்றி, இன்னார் என்று ஊரார் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதுங்கள். சின்ன ஊர் இது. பெயரை மாற்றினாலும் 'கோயிலுக்குப் பின் வீட்டு மண்டோர்' என்று எழுதினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுநெறிக் குழுவிடம். மனிதர்களிடம் தகவல் திரட்டுவதாக இருந்தால் அந்த ஒப்புதல் வருவதற்கு முன் பேட்டியைத் தொடங்காதீர்கள். பள்ளிக்குள் போக வேண்டுமானால் கல்வி அமைச்சின் கல்வித் திட்டமிடல், ஆய்வுப் பிரிவுக்கு இணையம் வழி விண்ணப்பிக்க வேண்டும்; தலைமையாசிரியர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும் சரி. மேட்டுப் பகுதியில் உள்ள தெமியார் பழங்குடிக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதி தேவை. தோட்டத்து எல்லைக்குள் நுழைய நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். ஆனால் வேலையில் இருப்பவர்களை அலுவலகத்தில் வைத்து, நிர்வாகத்தினர் எதிரில் பேட்டி எடுக்காதீர்கள். அங்கே அவர்களால் மனம்விட்டுப் பேச முடியாது. பேசினால் பாதிப்பு அவர்களுக்குத்தான்.

ஒப்புதல் படிவம் மலாயில் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு என்பதையும் சொல்லி, அவர் சம்மதித்ததை ஒலிப்பதிவில் வாங்கிக்கொள்ளுங்கள். 'பேத்தி கேட்கிறாளே, எப்படி மறுப்பது' என்று சம்மதிப்பவர்கள் உண்டு. உங்கள் சொந்தப் பாட்டிக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

நெறியாளர் பதிலே போடவில்லை என்றால்?

எனக்கே நடந்தது. நான் மாணவியாக இருந்தபோது என் இரண்டாம் இயல் இரண்டு மாதம் படிக்கப்படாமலே கிடந்தது. நான் பயந்துகொண்டு கேட்கவில்லை. கடைசியில் அந்த இயலை மொத்தமாக மாற்றச் சொன்னபோது கையில் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே ஐந்து வரியில் என்ன பேசினோம், அடுத்து நான் என்ன தருவேன், அவர் எந்தத் தேதிக்குள் பார்ப்பார் என்று எழுதி அனுப்புங்கள். முழு இயலுக்காகக் காத்திருக்காமல் ஐந்து பக்கமாகக் கொடுங்கள். ஐந்து பக்கத்தைப் படிக்க யாருக்கும் நேரம் கிடைக்கும். இரண்டு வாரம் ஆனால் மரியாதையாக ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் துறையின் ஆய்வு ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். இது கோள் சொல்வது அன்று. நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள், அந்தத் தயக்கத்தால் பட்டத்தையே இழக்க நேரிடும்.

நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஆய்வு தோல்வியா?

தோல்வி இல்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் எல்லாரும் வறுமையில் விழுந்தார்கள் என்று எண்ணிப் போனீர்கள். சிலர் வீடு வாங்கிவிட்டார்கள். அப்படியே எழுதுங்கள், ஏன் என்று கேளுங்கள். தரவை உங்கள் எண்ணத்துக்கு வளைப்பதுதான் தோல்வி.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

உங்கள் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். பேட்டிப் பதிவை மட்டும் எந்த இணையக் கருவியிலும் ஏற்றாதீர்கள். பாட்டி உங்களுக்குத்தான் சம்மதம் கொடுத்தார். காதால் கேட்டுக் கையால் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் பொருள் பிடிபடும்.

அமெரிக்காவில் ஹானர்ஸ் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். அங்கே ஹானர்ஸ் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான ஒரு பிரிவு. பேராசிரியர் ஒருவருடன் ஒப்பந்தம்போல எழுதிக்கொண்டு, தனி ஆய்வைக் கிரெடிட்டுக்குச் செய்யலாம். மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளைப் பரிசீலிக்க ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு குழு இருக்கும். பேட்டி சுங்கை சிப்புட்டில் நடந்தாலும் அந்தக் குழுவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வாய்மொழி வரலாறு அந்த விதிகளிலிருந்து விலக்குப் பெறலாம். விலக்கு உங்களுக்கு உண்டா என்பதை நீங்களே முடிவு செய்யாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"இதனால் என் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும், டீச்சர்?"

ஓர் அப்பா கேட்டது இது. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஓராண்டு வேலையைத் தானே திட்டமிட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசி, கிடைத்ததைச் சான்றோடு மூன்று பேர் முன்னால் எடுத்துச் சொல்லித் தற்காத்த பிள்ளை, எந்த நேர்காணலிலும் தன்னைப் பற்றிச் சொல்லத் தடுமாறாது. முதுகலைக்குப் போக நினைத்தால், பரிந்துரைக் கடிதத்தில் எழுத நெறியாளருக்கு நிறைய இருக்கும்.

அவரிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்கு அருகே பலகை வைத்து, யார் கொண்டுவந்தது, எப்போது நட்டது என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் அம்மா முப்பது வருடம் பால் வெட்டினார்களே, அதை எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்து, ஆத்தா பெயரை எழுதலாமா என்று கேட்டார்.

ஆய்வேட்டை எத்தனை பிரதி எடுக்க வேண்டும்?

துறை கேட்பதை விட மூன்று கூடுதலாக எடுங்கள். ஒன்று உங்களுக்கு. ஒன்று நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. மூன்றாவது உங்களிடம் அதிக நேரம் பேசியவருக்கு. அவருக்கு மலாய் படிக்க வராது என்றால், அவர் பேசிய பகுதிகளை மட்டும் தமிழில் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்சடித்து, நேரில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். இதை ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே செய்வது நல்லது. "இல்லையம்மா, நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் திருத்துவார். திருத்தியதை எழுதிக்கொள்ள மறக்காமல் பேனா எடுத்துப் போங்கள்.